தொழிற்சாலைக் கழிவுநீரும் நுண்ணங்கிகளும்: ஒரு சமூகவியல் நோக்கு

தொழில்நுட்ப வளர்ச்சியைத் தனி மேதைகளின் சாதனையாக மட்டும் நோக்கும் போக்கு நம்மிடையே வலுவாக உள்ளது. எத்தகைய சமூகத் தேவை அதனைத் தோற்றுவித்தது, அதன் செலவை யார் ஏற்றனர் என்னும் வினாக்கள் இதனால் மறைந்துபோகின்றன. கழிவுநீரை நுண்ணங்கிகளைக் கொண்டு சுத்திகரிக்கும் முறையின் வரலாறு இவ்வினாக்களை மீண்டும் எழுப்புகின்றது.

பருத்தித் தொழிலின் மையமாக விளங்கிய மான்செஸ்ரர் நகரின் ஏர்க் ஆற்றினை, இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றி 1845இல் வெளியிட்ட நூலிலே ஏங்கெல்ஸ் விபரித்துள்ளார். தோல் பதனிடும் தொழிலகங்கள், எலும்பு அரைக்கும் ஆலைகள் முதலியவற்றின் கழிவுகள் அவ்வாற்றிற் கலந்தன. கரையிலே வாழ்ந்தோர் தொழிலாளரே. 1876இல் ஆறுகள் மாசுறுதலைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், உற்பத்தியாளரின் நலனுக்கு ஊறு நேராத வகையிலே அது தளர்த்தப்பட்டிருந்தது.

வீட்டுக் கழிவும் தொழிற்சாலைக் கழிவும் கலந்து வந்த நீரைக் கையாண்ட மான்செஸ்ரர் மாநகரசபையின் டேவிகியூம் நிலையம் தொடர்பான ஆய்விலேயே தீர்வு பிறந்தது. ஆர்டேர்ன், லொக்கெற் ஆகிய இரசாயனவியலாளர் 1914இல் அதனை வெளியிட்டனர். கழிவுநீரினூடே காற்றைச் செலுத்தியபின் அடியிற் படியும் கசடு முன்னர் அகற்றப்பட்டு வந்தது. அவர்களோ அதனை அகற்றாது, அடுத்துவரும் கழிவுநீருடன் மீண்டும் மீண்டும் கலந்தனர். தொடக்கத்தில் ஏறத்தாழ ஐந்து வாரம் பிடித்த மாற்றம் ஈற்றில் ஒரு நாளுக்குள் நிறைவெய்தியது. செயலூக்கப்பட்ட கசட்டு முறை எனப்படுவது இதுவே.

அக்கசடு உண்மையிற் பற்றீரியா முதலிய நுண்ணங்கிகளின் திரளாகும். அவை ஒட்சிசனைப் பயன்படுத்திச் சேதனக் கழிவின் ஒரு பகுதியைக் காபனீரொட்சைட்டும் நீருமாக மாற்றுகின்றன. மறுபகுதியைத் தம் உடற்பொருளாக்கிப் பெருகுகின்றன. பின்னர் அமைதியான தொட்டியில் அவை படிய, மேலே தெளிந்த நீர் வெளியேறும். கசட்டின் ஒரு பகுதி மீண்டும் காற்றூட்டும் தொட்டிக்குச் செலுத்தப்படும், எஞ்சியது அகற்றப்படும்.

இம்முறைக்கு எல்லைகளும் உள. பார உலோகங்களை நுண்ணங்கிகள் சிதைப்பதில்லை. மாறாக, அவற்றால் நஞ்சூட்டப்படலாம். சாயங்கள் பலவும் எளிதிற் சிதைவதில்லை. எனவே அத்தகைய கழிவுகளைத் தொழிற்சாலையிலேயே முதலிற் பிரித்தெடுத்தல் வேண்டும். மேலும், காற்றூட்டலுக்கு மின்சாரம் இடையறாது தேவை. செலவைக் குறைக்கவெனக் காற்றூட்டும் பொறிகள் நிறுத்தப்படின், ஒட்சிசனின்றி நுண்ணங்கிகளின் தொழிற்பாடு குலையும். சுத்திகரியாத நீரே ஆற்றைச் சேரும்.

ஆகவே, இன்று ஓர் ஆறு மாசடைவதை அறிவியலின் போதாமையாகக் கொள்வது பெரும்பாலும் பொருந்தாது. உற்பத்திச் செலவின் ஒரு பகுதி ஆற்றங்கரை மக்களின் கிணறுகள்மீதும் உடல்கள்மீதும் சுமத்தப்படுகின்றது. அதனைத் தொழிற்சாலையின் கணக்கிலே சேர்ப்பிப்பது நுண்ணங்கியியலின் பணியன்று. அது ஓர் அரசியற் பணியாகும்.