ஏசி கேஸ் எங்கே போகுது? இன்ஜின் மாடிஃபிகேஷனுக்கு அப்புறம் வரும் லீக்

ரீமேப் பத்தின எபிசோடுக்கு அப்புறம் ஒரே கேள்வி வேற வேற ரூபத்துல வந்துட்டே இருந்தது. "ப்ரோ, ஹெடர் மாத்தியாச்சு, ரீமேப் பண்ணியாச்சு, வண்டி சும்மா பறக்குது. ஆனா ஏசிக்கு மட்டும் மாசா மாசம் கேஸ் போட வேண்டியிருக்கு. ஏன்?" இன்னைக்கு முழுக்க அந்தக் கேள்விக்குத்தான்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. கம்ப்ரஸர், கண்டென்ஸர், எக்ஸ்பான்ஷன் வால்வ், எவாப்பரேட்டர், திரும்பக் கம்ப்ரஸர். மூடின ஒரு வட்டத்துக்குள்ள அதே கேஸ்தான் சுத்திக்கிட்டு இருக்கு. ரப்பர் ஹோஸ் வழியா வருஷக்கணக்குல கொஞ்சம் கசியும், உண்மைதான். ஆனா மூணு வாரத்துல கூலிங் போகுதுன்னா எங்கேயோ ஓட்டை இருக்கு. "கேஸ் தீர்ந்துடுச்சு சார், போட்டுடலாம்"னு யாராவது சொன்னா, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தக் காசு கேக்குறார்னு அர்த்தம்.

இதை ஒரு நிஜ வண்டியை வச்சே சொல்றேன். என் நண்பனோட பெட்ரோல் ஹேட்ச்பேக், 1.2 லிட்டர், பத்து வருஷத்துக்கு மேல ஆன வண்டி. சென்னையில ஒரு கராஜ்ல ஹெடர், இன்டேக், ரீமேப் மூணும் பண்ணினான். (இதெல்லாம் சட்டப்படி சரியான்னு கேக்குறவங்க மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 படிங்க. அது தனி எபிசோட்.) மூணு வாரத்துல ஏசி மந்தமாச்சு. கேஸ் போட்டான். இருபது நாள்ல திரும்பவும் அதே கதை. மூணாவது தடவை போனப்போ, "கம்ப்ரஸர் போயிடுச்சு, 22,000 ஆகும்"னு சொல்லிட்டாங்க. அவன் அப்பாவை வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போற வண்டி அது. மே மாசம், மதியம் ஒரு மணி ஸ்லாட். கம்ப்ரஸருக்குப் பணம் கட்ட அவன் தயாராத்தான் இருந்தான். நான்தான் ஒரு நாள் பொறுன்னு சொல்லி, வேளச்சேரி பக்கம் ஏசி வேலை மட்டுமே பார்க்குற ஒரு அண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.

அண்ணன் முதல்ல மாட்டினது மேனிஃபோல்ட் கேஜ். ரெண்டு டயல்: நீலம் லோ சைடு, சிவப்பு ஹை சைடு. இன்ஜின் அணைச்சிருந்தப்போ ரெண்டும் கிட்டத்தட்ட 100 பிஎஸ்ஐ. "கேஸ் இருக்கே!"ன்னு நண்பன் சொன்னான். நிறைய பேர் ஏமாறுற இடம் இதுதான்.

வீட்டு கேஸ் சிலிண்டரை நினைச்சுப் பாருங்க. புது சிலிண்டர்லயும் பாதி காலியானதுலயும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரியும். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்குற வரைக்கும் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது வெப்பநிலை மட்டும்தான், அளவு இல்லை. கார் ஏசியில இருக்குற ஆர்134ஏ-வும் அப்படித்தான். 30 டிகிரியில சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். பாதி கேஸ் வெளியே போயிருந்தாலும் அதே 97தான் காட்டும். அதனால இன்ஜினை அணைச்சுட்டு கேஜ் பார்த்து "கேஸ் ஃபுல்லா இருக்கு"ன்னு சொல்றது, டயரைத் தட்டிப் பார்த்து பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு சொல்ற மாதிரி.

இன்ஜின் ஓடும்போது காட்டுற எண்தான் பேசும். ஏசி போட்டதும் லோ சைடு 15, ஹை சைடு 110. சென்னை வெயில்ல ஒரு நல்ல ஏசியில லோ 30லிருந்து 45 வரைக்கும், ஹை 200க்கு மேலயும் இருக்கணும். கம்ப்ரஸர் நிஜமாவே தேய்ஞ்சிருந்தா, உறிஞ்சவும் தெம்பு இருக்காது, தள்ளவும் தெம்பு இருக்காது. லோ சைடு ஏறி நிக்கும், ஹை சைடு இறங்கி நிக்கும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு நெருங்கும். இங்கே ரெண்டுமே கீழே இருக்கு. அதாவது கம்ப்ரஸர் நல்லா உறிஞ்சுது, உறிஞ்சுறதுக்குச் சரக்குதான் இல்லை. 22,000 ரூபாய் கேள்விக்கு அஞ்சு நிமிஷத்துல பதில் கிடைச்சுடுச்சு.

சரி, கேஸ் குறைவு. எங்கே போகுது?

நேத்து வரைக்கும் ஓடின கோடு இன்னைக்கு உடைஞ்சா, ஆபீஸ்ல நாங்க முதல்ல கேக்குறது "கடைசியா என்ன மாத்தினீங்க?"ன்னுதான். முழு கோடையும் படிக்க மாட்டோம், டிஃப் பார்ப்போம். இங்கேயும் அதேதான். பத்து வருஷம் லீக் ஆகாத எவாப்பரேட்டர், ஹெடர் போட்ட அதே மாசம் தற்செயலா ஓட்டை விழுந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. டேஷ்போர்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி, இன்ஜின் வேலையில எதெல்லாம் நகர்ந்துச்சோ அதைப் பார்க்கணும்.

ஹெடர் மாத்துறப்போ என்ன நகரும்? இந்த வண்டியில கம்ப்ரஸர் கிட்டேயே இருக்கு. கேஸைத் திறக்க வேண்டாம்னு போல்ட்டை மட்டும் கழட்டி, ஹோஸோடயே ஓரமா தொங்க விடுவாங்க. அந்த எடை முழுக்க ஹோஸ் மேல. பழைய மேனிஃபோல்ட் மேல இருந்த ஹீட் ஷீல்டு புது ஹெடருக்குப் பொருந்தலைன்னு தூக்கிப் போட்டிருப்பாங்க. ஹெடர் குழாய் போற வழியில ஹோஸ் இடைஞ்சலா இருந்தா, அதைத் தள்ளிக் கட்டியிருப்பாங்க.

எங்க வண்டியில மூணுமே நடந்திருந்தது. கம்ப்ரஸர்லிருந்து கண்டென்ஸருக்குப் போற டிஸ்சார்ஜ் ஹோஸை ஹெடர்லிருந்து ஒதுக்கி, ஒரு கருப்பு கேபிள் டை போட்டு பாடியோட இறுக்கிக் கட்டியிருந்தாங்க. பார்க்க ரொம்ப நீட்டா இருந்தது.

ஏசி லைன்ல பெரும்பாலும் அலுமினியக் குழாய்தானே, கம்ப்ரஸர் பக்கம் மட்டும் ஏன் ரப்பர் ஹோஸ்? கம்ப்ரஸர் இன்ஜினோட பிறந்தது, கண்டென்ஸர் பாடியோட பிறந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா இன்ஜின் மவுன்ட் மேல முறுக்கிக்கிட்டு ஆடும், பாடி ஆடாது. அந்த ஆட்டத்தைத் தாங்கத்தான் ரப்பர், அதுவும் கொஞ்சம் தளர்வா. ரீமேப்ல டார்க் ஏறினா ஆட்டமும் ஏறும், பழைய மவுன்ட்டா இருந்தா இன்னும் அதிகம். இப்போ அந்தத் தளர்வைக் கேபிள் டை தின்னுடுச்சு. ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் இழுப்பு நேரா போய் விழுறது, ரப்பரும் அலுமினியமும் சேர்ற இடத்துல இருக்குற கிரிம்ப்ல. ஷீல்டு இல்லாத ஹெடர் பக்கத்துலயே நின்னு அந்த ரப்பரை வேக வச்சுக்கிட்டு இருக்கு.

சந்தேகம் சரி, ஆதாரம் வேணும்ல? முந்தைய கடையில "வேக்குவம் நின்னுச்சு சார், லீக் இல்லை"ன்னு சொல்லித்தான் கம்ப்ரஸர் மேல பழியைப் போட்டிருந்தாங்க. வேக்குவம் டெஸ்ட்டுக்கு ஒரு எல்லை இருக்கு. முழு வேக்குவம்னாலே வித்தியாசம் ஒரு பார்தான், அதாவது சுமார் 14.7 பிஎஸ்ஐ. அதுவும் வெளியே இருந்து உள்ளே அமுக்குற அழுத்தம். ஓடும்போது இருக்குறது 200க்கு மேல, உள்ளே இருந்து வெளியே. வெளிப்பக்கம் தள்ளினா மட்டும் திறக்குற ஓட்டை, உள்ளே உறிஞ்சும்போது வாயை மூடிக்கும். வேக்குவம் நிக்கலைன்னா கண்டிப்பா லீக். நின்னுச்சுன்னா லீக் இல்லைன்னு சொல்ல முடியாது.

அதனால அண்ணன் நைட்ரஜன் போட்டார். மிச்சமிருந்த கேஸை ரெக்கவரி மெஷின்ல எடுத்தார். காத்துல திறந்து விடுறவங்க நிறைய பேர். ஆர்134ஏ-வோட புவி வெப்பமாக்கும் திறன், நூறு வருஷக் கணக்குல, கார்பன் டை ஆக்ஸைடைப் போல 1,430 மடங்கு. 400 கிராமைத் திறந்து விட்டா அரை டன்னுக்கு மேல கார்பன் டை ஆக்ஸைடை விட்டதுக்குச் சமம். அப்புறம் ரெகுலேட்டர் வச்சு 200 பிஎஸ்ஐ உலர்ந்த நைட்ரஜன். டயருக்கு அடிக்கிற காத்து வேண்டாம், அதுல ஈரம் இருக்கும். ஆக்ஸிஜனைக் கிட்டேயே கொண்டு போகாதீங்க, அழுத்தத்துல எண்ணெயோட சேர்ந்தா வெடிக்கும்.

சோப்புத் தண்ணியை ஒவ்வொரு ஜாயின்ட்லயும் தடவினோம். ஒண்ணும் இல்லை. கிரிம்ப்லயும் இல்லை. நண்பன் முகம் தொங்கிடுச்சு. அண்ணன் பேசாம ஒரு நீளமான கம்பியை எடுத்து, இன்ஜினை மவுன்ட் பக்கத்துலிருந்து மெதுவா நெம்பினார், மிதிச்சா எந்தப் பக்கம் ஆடுமோ அந்தப் பக்கம். கிரிம்ப் ஓரத்துல பொடிப்பொடியா நுரை பொங்குச்சு. கம்பியை விட்டதும் நின்னுச்சு. திரும்ப நெம்பினா திரும்ப நுரை. லோடுல மட்டும் வர்ற பக்! நின்ன இடத்துல எத்தனை தடவை டெஸ்ட் பண்ணினாலும் பாஸ் ஆகும்.

ரிப்பேர் சுலபம். எபாக்ஸி பூசறது, டப்பாவுல வர்ற லீக் ஸீலர் ஊத்தறது ரெண்டும் வேண்டாம். ஸீலர் ஈரம் பட்டா இறுகும், எக்ஸ்பான்ஷன் வால்வையும் அடுத்த கடைக்காரரோட மெஷினையும் சேர்த்து அடைக்கும். ஜி.பி. ரோடு பக்கம் ஹோஸ் கிரிம்ப் பண்ணித் தர்ற கடையில, பழைய ஃபிட்டிங்கோட அளவுல, புது பாதைக்குத் தேவையான நீளத்துல, ஏசிக்குன்னே வர்ற பேரியர் ஹோஸ்ல ஒண்ணு செஞ்சு வாங்கினோம். அதுக்கு மேல ஹீட் ஸ்லீவ், ஹெடருக்கும் ஹோஸுக்கும் நடுவுல வளைச்ச ஒரு தகடு. கேபிள் டைக்குப் பதிலா, கம்பெனி வச்ச இடத்துலயே ரப்பர் வச்ச கிளாம்ப். கழட்டின ஜாயின்ட் எல்லாத்துலயும் புது ஓ-ரிங், எச்என்பிஆர் வகை, மாட்டுறதுக்கு முன்னாடி ஏசி எண்ணெய் தடவி. ஹார்ட்வேர் கடையில கிடைக்கிற சாதாரண கருப்பு ஓ-ரிங் இங்கே நிக்காது. பச்சை நிறம்னு நம்பியும் வாங்காதீங்க, என்ன ரப்பர்னு கேளுங்க.

ரிசீவர் ட்ரையரையும் மாத்தினோம். ரெண்டு மாசமா கசிஞ்ச சிஸ்டம், ஈரம் புகுந்திருக்கும். ஈரமும் பிஏஜி எண்ணெயும் சேர்ந்தா உள்ளே அமிலம் உருவாகி அரிக்கும். கேஸோட எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமா வெளியே போயிருக்கும், கம்ப்ரஸருக்கு உயவு அந்த எண்ணெய்தான். வெறும் கேஸை மட்டும் மாசா மாசம் ஏத்திக்கிட்டே இருந்தா, ஒரு நாள் கம்ப்ரஸர் நிஜமாவே ஜாம் ஆகும். அதனால எண்ணெயை அளந்து சேர்த்தார். 45 நிமிஷம் வேக்குவம் பம்ப் ஓடுச்சு. இங்கே வேக்குவத்தோட வேலை லீக் பார்க்குறது இல்லை, ஈரத்தை விரட்டுறது. அழுத்தம் 40 மில்லிபார் கிட்ட இறங்கினா 30 டிகிரியிலேயே தண்ணி கொதிச்சு ஆவியாயிடும், பம்ப் அதை வெளியே இழுத்துடும்.

கடைசியா சார்ஜ். பானட்டுக்கு அடியில இருக்குற ஸ்டிக்கர்ல எத்தனை கிராம்னு போட்டிருக்கும், இந்த வண்டிக்கு 420. தராசு மேல சிலிண்டரை வச்சு 420 கிராம், அவ்வளவுதான். "கூலிங் வர்ற வரைக்கும்" ஏத்துறதுன்னு ஒரு முறையே கிடையாது. அதிகமானா ஹை சைடு எகிறி கூலிங் இன்னும் மோசமாகும். நிறுத்தி வச்ச வண்டியில வென்ட்ல 9 டிகிரி, ஓடும்போது 6. மொத்தச் செலவு 6,500 ரூபாய் சொச்சம்.

எல்லா மாடிஃபைடு வண்டியிலயும் கிரிம்ப்தான் குற்றவாளின்னு நினைச்சுடாதீங்க. டர்போ போட்டவங்க முதல்ல கண்டென்ஸரைப் பாருங்க. முன்னாடி பெரிய இன்டர்கூலர் வைக்கும்போது அதோட பிராக்கெட் கண்டென்ஸர்ல உரசி, வைப்ரேஷன்லயே மெல்ல ஓட்டை போடும். இன்ஜினையே மாத்தினவங்க, ஏசி லைனைத் திறந்து மூடி போடாம எத்தனை நாள் வச்சிருந்தாங்கன்னு கேளுங்க.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு கேள்வி கேளுங்க: "நைட்ரஜன் போட்டு லீக் பார்ப்பீங்களா? கேஸ் கிராம் கணக்குல ஏத்துவீங்களா?" ரெண்டுக்கும் "வண்டியைக் கொண்டு வாங்க சார், பார்த்துக்கலாம்"னு பதில் வந்தா, அடுத்த கடைக்குப் போன் போடுங்க.