வெப்பத் தகட்டைக் கழற்றினால் பசையை மாற்றுங்கள்

மலாக்கா, கிளேபாங்கில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு லோரி ஓட்டுநர் குடும்பம் இருக்கிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டிய நிலை வந்தபோது, அந்த அண்ணன் தவணையில் ஒரு மடிக்கணினி வாங்கினார். மூத்த மகள் அதில் படித்து முடித்துவிட்டாள். படிவம் ஆறில் இருக்கும் இளையவளுக்கும் அதே கணினிதான்.

கணினி மெதுவாகிவிட்டது என்று கடையில் கொடுத்து, ரேமைக் கூட்டி, எஸ்.எஸ்.டி.யும் போட்டுக்கொண்டு வந்தார்கள். முதல் நாள் நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் காற்றாடி ஓயாமல் இரைந்தது. பத்தே நிமிடத்தில் கணினி தானாக அணைந்தது. "அக்கா, வெள்ளிக்கிழமை இடுபணி அனுப்பணும்" என்று அந்தப் பெண் கண்கலங்கி நின்றாள். "இன்னொன்னு வாங்க காசுக்கு எங்கே போவேன், தங்கச்சி?" என்றார் அவள் தந்தை.

நான் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள். கணினி பழுதுபார்ப்பது என் தொழில் அல்ல. தெரிந்த பழுதுபார்ப்பாளர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் திறந்து பார்த்து, "கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய பசை மேலேயே தகட்டைத் திரும்ப வைத்திருக்கிறார்கள்" என்றார். அன்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பசை எதற்கு?

மடிக்கணினியின் மூளையான செயலி, விரல் நகம் அளவே உள்ள சில்லு. அதன் சூட்டை மேலே அமர்ந்திருக்கும் செம்புத் தகடு வாங்கி, குழாய் வழியாகக் காற்றாடிப் பக்கம் கடத்துகிறது. சில்லும் தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், இரண்டிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று தங்கிவிடும். காற்றைவிடச் செம்பு சுமார் 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே, இடையில் சிக்கும் கொஞ்சம் காற்றே பெரிய தடையாகிவிடுகிறது. அதை வெளியேற்றி இடைவெளியை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட் என்னும் வெப்பப் பசை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பசை காற்றைவிடப் பல மடங்கு மேல். ஆனால் செம்போடு ஒப்பிட்டால் மிகவும் மட்டம். எனவே மெல்லிய படலமாக இருக்கும்வரைதான் பசை உதவும். ரொட்டிக்குக் காயா தடவுவதுபோல் அப்பினால் அதுவே சூட்டை மறிக்கும்.

நாள் செல்லச் செல்ல, சூடேறி ஆறும்போதெல்லாம் பசை ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, காய்ந்தும் போகிறது. தகட்டை ஒருமுறை தூக்கிவிட்டாலோ படலம் பிய்ந்து, மீண்டும் வைக்கும்போது உள்ளே காற்று புகுந்துவிடும். பக்கத்து வீட்டுக் கணினிக்கு நேர்ந்தது இதுதான். அந்த மாடலில் ரேம் தாய்ப்பலகையின் மறுபுறம் இருந்தது. பலகையை வெளியே எடுக்கத் தகட்டையும் கழற்றியிருக்கிறார்கள். செயலியின் சூடு 100 பாகை செல்சியஸை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் ஏறினால், கருகாமலிருக்க அணைந்துவிடும்.

மாற்றும் முறை

முதலில் கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்குங்கள். பின்மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதோடு நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள். எதையும் கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பல தகடுகளில் திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண்கள் இருக்கும். கழற்றும்போது பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணுக்கு வாருங்கள். ஒன்றை முழுதாகக் கழற்றாமல், எல்லாவற்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். தகடு ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்காமல், மெல்ல அசைத்து எடுங்கள்.

பழைய பசையைப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்துச் சில்லு, தகடு இரண்டையும் பளிச்சென்று ஆகும்வரை துடையுங்கள். தண்ணீர், நகப்பூச்சு நீக்கி, வாசனைத் திரவியம் எதுவும் கூடாது. கத்தியால் சுரண்டவும் கூடாது.

நன்றாகக் காய்ந்தபின் சில்லின் நடுவில் ஓர் அரிசி மணி அளவு பசை வையுங்கள். சில்லு நீளமாக இருந்தால், முழுதும் மூடும்படி மெல்லியதாகப் பரப்பிவிடுங்கள். தகட்டை நேராக இறக்கி, 1-இலிருந்து எண் வரிசைப்படி சுற்றுச் சுற்றாக முடுக்குங்கள். பேட்டரியை மீண்டும் இணைத்து மூடியைப் போடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பக்கத்துச் சில்லுகளின் மேல் மெத்தைபோல் ஒட்டியிருக்கும் பட்டைகளை எடுத்துவிட்டுப் பசை தடவாதீர்கள். அங்கே இடைவெளி அதிகம், பசை எட்டாது. பட்டை கிழிந்திருந்தால் அதே தடிமனில் வேறொன்று வாங்கிப் போடுங்கள். அடுத்து, பசைக்குப் பதிலாகக் கண்ணாடிபோல் மினுங்கும் திரவ உலோகம் தெரிந்தால் கை வைக்காதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தும். சிந்தினால் பலகையே போய்விடும்.

கடையில் கேளுங்கள்

பெரும்பாலான கணினிகளில் ரேம், எஸ்.எஸ்.டி. மாற்றத் தகட்டைத் தொட வேண்டிய தேவையே இல்லை. கணினி சூடாகிறது என்றால் முதலில் காற்றாடியில் அடைந்திருக்கும் தூசியைப் பாருங்கள். நம் ஊரில் பிற்பகலில் வீட்டுக்குள்ளேயே 30 பாகைக்கு மேல் போகிறது. காற்றாடிக்குக் கிடைப்பதே சூடான காற்று என்பதால், தூசி சேர்ந்தால் இன்னும் சிரமம்.

கணினியை மேம்படுத்தக் கொடுத்து வாங்கும்போது இரண்டு கேள்விகள் போதும்: "தகட்டைக் கழற்றினீர்களா? கழற்றியிருந்தால் புதுப் பசை வைத்தீர்களா?" அங்கேயே அரை மணி நேரம் ஒரு காணொளியை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அந்தத் தங்கை வெள்ளிக்கிழமை மாலையே இடுபணியை அனுப்பிவிட்டாள். இரண்டாயிரம் வெள்ளிக்கு வேறு கணினி வாங்கும் கவலையில் இருந்த அப்பாவுக்கு, ஒரு சிறு குழாய்ப் பசையோடு செலவு முடிந்தது. நல்ல பொருளைக் குப்பையில் போடுமுன், ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.