வோக்கர்ட்டனின் ஏழு உயிர்களும் எம் வீட்டுக் குழாயும்

புலம்பெயர்ந்த எம்மவர் வீடுகளில் ஒரு சிறு தர்க்கம் அடிக்கடி நிகழ்வதுண்டு. ஊரிலிருந்து வந்து சேர்ந்த தாயார் குழாய்நீரைக் கேத்தலில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மூடிவைத்த பின்னரே பேரப்பிள்ளைக்குக் கொடுப்பார். "இது கனடா அம்மா, இஞ்சை பைப்பிலை வாற தண்ணியை அப்பிடியே குடிக்கலாம்" என்பான் மகன். தாயார் மறுமொழி கூறமாட்டார். மறுநாளும் கேத்தல் கொதிக்கும். என் வீட்டிலும் இத்தர்க்கம் நடந்தது. மகனாக நின்று வாதிட்டவன் நான். வோக்கர்ட்டன் குடிநீர் விசாரணை அறிக்கையைப் படித்த பின்னர், அந்த வாதத்தை முன்னைய உறுதியோடு என்னால் சொல்ல முடியவில்லை.

வாசகர்களை அச்சுறுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இந்நாட்டு நகரங்களின் குழாய்நீர் பொதுவாகப் பாதுகாப்பானதே. ஆனால் அந்தப் பாதுகாப்பு எதில் தங்கியிருக்கிறது, எங்கே அது அறுந்துபோகக்கூடும் என்பதை நீரைக் குடிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஐந்தாம் இலக்கக் கிணறு

ரொறன்ரோவுக்கு வடமேற்கே, காரில் இரண்டு மணிநேரத்துக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில், சோகீன் ஆற்றங்கரையில் அமைந்துள்ள சிறு பட்டணம் வோக்கர்ட்டன். 2000 ஆம் ஆண்டில் அதன் சனத்தொகை ஏறத்தாழ 4,800. சுற்றிவரக் கமங்களும் மாட்டுப் பண்ணைகளும் கொண்ட அப்பட்டணத்தின் குடிநீர் நிலத்தடிக் கிணறுகளிலிருந்து இறைக்கப்பட்டுக் குளோரீன் கலந்து வீடுகளுக்கு அனுப்பப்பட்டது.

அவற்றுள் ஐந்தாம் இலக்கக் கிணறு 1978 இல் அமைக்கப்பட்டது. ஆழம் குறைந்த அக்கிணறு, வெடிப்புகள் நிறைந்த பாறையிலிருந்து நீரைப் பெற்றது. அருகில் ஒரு பண்ணை இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. எமது சுண்ணாம்புக்கல் நிலத்தில் விழுந்த மழைநீர், பாறையின் வெடிப்புகளினூடாக விரைந்து இறங்கிக் கிணற்றைச் சேரும். மண்ணில் இட்ட உரமும், மலசலகூடக் குழியின் கசிவும் அதே வழியாக வந்து சேரும். நிலம் நீரை வடிகட்டித் தருமென்ற நம்பிக்கை அத்தகைய பாறையில் செல்லுபடியாகாது.

அவ்வாண்டு மே மாதம் 8 ஆம் திகதி தொடங்கி ஐந்து நாட்களில் வோக்கர்ட்டனில் 134 மில்லிமீற்றர் மழை பொழிந்தது. பண்ணையில் இடப்பட்டிருந்த மாட்டெருவிலிருந்த கிருமிகள் மழைநீரோடு நிலத்தினுள் இறங்கிக் கிணற்றுள் புகுந்தன. பண்ணையாளர் முறைப்படியே எருவிட்டிருந்தார் என்றும், அவர்மீது குற்றமில்லை என்றும் பின்னர் விசாரணை கூறியது. புகுந்த கிருமிகளுள் முக்கியமானவை இரண்டு: ஈ.கோலை ஓ157:எச்7 என்ற பற்றீரியாவும் கம்பைலோபக்டர் என்பதும். முதலாவது குருதியுடன் கூடிய வயிற்றோட்டத்தை உண்டாக்குவதோடு, சிலருக்குச் சிறுநீரகங்களையும் செயலிழக்கச் செய்யும். சிறுபிள்ளைகளே இதற்கு எளிதில் இரையாகின்றனர்.

சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்தபோது நீரின் மணமே அதைக் காட்டிக்கொடுத்தது. வோக்கர்ட்டனில் அத்தகைய எச்சரிக்கை எதுவும் இல்லை. குழாயைத் திறந்தவர்கள் தெளிந்த நீரையே கண்டனர்.

எழுதப்பட்ட எண்களும் எடுக்கப்படாத அளவும்

இத்தகைய ஆபத்தைத் தடுப்பதற்கென ஒரு விதி இருந்தது. நீரில் குளோரீன் கலந்து பதினைந்து நிமிடங்கள் கழிந்த பின்னரும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரீன் எஞ்சியிருக்க வேண்டும். அதை நாள்தோறும் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். திடீரென அழுக்கு நீர் புகுந்தால், குளோரீன் முழுவதும் அதனோடு போராடித் தீர்ந்துவிடும். எஞ்சிய அளவு வீழ்ச்சியடைந்ததைக் காண்பவன் ஆபத்தை உடனே உணர்வான்.

வோக்கர்ட்டனில் பெரும்பாலான நாட்களில் அந்த அளவு எடுக்கப்படவேயில்லை. பதிவேட்டில் 0.5 என்றும் 0.75 என்றும் ஒரே எண்கள் திரும்பத்திரும்ப எழுதப்பட்டிருந்தன. நீர்மாதிரிகள் எங்கே எடுக்கப்பட்டன என்பதும் பொய்யாகவே குறிக்கப்பட்டது. பொது முகாமையாளராயிருந்த ஸ்டான் கோபெலும், மேற்பார்வையாளராயிருந்த அவருடைய சகோதரர் பிராங் கோபெலும் பரீட்சை எதுவுமின்றி, வேலை அனுபவத்தை மட்டுங் காட்டி அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள்.

இவர்கள் ஊருக்கு நஞ்சிட எண்ணியவர்கள் அல்லர். கிணற்றிலிருந்து வரும் நீரைச் சுத்திகரிக்காமலே தாமும் குடித்துவந்தவர்கள். குளோரீன் மணக்கிறது என்று ஊர்மக்களே இடையிடையே முறையிட்டதும் உண்டு. எமது நீருக்கு ஒன்றும் ஆகாது என்ற நெடுநாளைய நம்பிக்கை பொய்யெழுத்தை அவர்களுக்கு ஒரு சிறு வசதியாக்கியது. என்னை மிகவும் கலங்கச்செய்த பகுதி இதுதான். எந்த அலுவலகத்திலும், எந்த நாட்டிலும், இத்தகைய மனிதர் இருக்கக்கூடும்.

மறைக்கப்பட்ட ஐந்து நாட்கள்

மே 15 இல் எடுக்கப்பட்ட மாதிரிகளில் ஈ.கோலை இருப்பதை ஒரு தனியார் ஆய்வுகூடம் 17 ஆம் திகதி கண்டறிந்தது. முடிவு நீர் விநியோகச் சபைக்கு மட்டுமே தெரிவிக்கப்பட்டது. சுகாதார அதிகாரிகளுக்கும் அறிவிக்குமாறு அன்று சட்டம் அவ்வாய்வுகூடத்தைக் கட்டாயப்படுத்தியிருக்கவில்லை.

18 ஆம் திகதி பிள்ளைகள் நோயுற்றுப் பாடசாலைக்கு வராதிருந்தனர். ஓவன் சவுண்ட் வைத்தியசாலையில் குருதி வயிற்றோட்டத்துடன் சேர்க்கப்பட்ட பிள்ளைகளைக் கண்ட ஒரு குழந்தை மருத்துவர் ஐயுற்று, மறுநாள் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவித்தார். 19 ஆம் திகதியும் 20 ஆம் திகதியும் சுகாதாரப் பிரிவினர் நீர் எப்படியிருக்கிறது என்று ஸ்டான் கோபெலிடம் கேட்டனர். நீரில் குறையில்லை என்றே அவர் சொன்னார். ஏழாம் இலக்கக் கிணறு குளோரீன் கருவியின்றி இயங்கியது வெளிவந்துவிடும் என்று அவர் அஞ்சினார் என்பது விசாரணையின் முடிவு. இதற்கிடையில் மக்கள் நோயாளிகளுக்கு நிறைய நீர் பருகக் கொடுத்துக்கொண்டிருந்தனர்.

21 ஆம் திகதி ஞாயிறு பிற்பகல், சுகாதார வைத்திய அதிகாரி மறே மக்குவிக் நீரைக் கொதிக்கவைத்துப் பருகுமாறு அறிவித்தார். மறுநாள் முதல் மரணம் நிகழ்ந்தது. ஈற்றில் ஏழு பேர் இறந்தனர். 2,300 க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 27 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 19 ஆம் திகதியே உண்மை சொல்லப்பட்டிருந்தால் 300 முதல் 400 பேர்வரை நோயிலிருந்து தப்பியிருப்பர் என விசாரணை கணித்தது. உயிர் பிழைத்தோர் பலரையும் உயர் குருதி அமுக்கமும் குடல் நோய்களும் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தன.

அரசின் பங்கு

2004 டிசம்பரில் ஸ்டானுக்கு ஓராண்டுச் சிறையும் பிராங்கிற்கு ஒன்பது மாத வீட்டுக்காவலும் விதிக்கப்பட்டன. ஆனால் குற்றத்தை இரு சகோதரர்மீது மட்டும் சுமத்தி விட்டுவிட, விசாரணைக்குத் தலைமை தாங்கிய நீதிபதி டெனிஸ் ஓ'கொனர் உடன்படவில்லை. 2002 இல் வெளிவந்த அவருடைய அறிக்கை மாகாண அரசையும் கூண்டில் ஏற்றியது. 1996 இல் நகரசபைகளுக்கான நீர்ப்பரிசோதனையை அரச ஆய்வுகூடங்கள் கைவிட்டன. அப்பொறுப்பைத் தனியாரிடம் விட்டபோது, ஆபத்தான முடிவுகளைச் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும் என்ற சட்டம் இயற்றப்படவில்லை. சுற்றாடல் அமைச்சில் 750 க்கும் மேற்பட்ட பணியிடங்கள் செலவுச் சிக்கனத்தின் பெயரால் குறைக்கப்பட்டன. 1998 இல் வந்த பரிசோதகர் நீரில் ஈ.கோலை காணப்பட்டதையும் குளோரீன் போதாமையையும் குறித்துச் சென்றார். பின்னர் எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்தாம் கிணற்றில் குளோரீனை இடையறாது அளந்து, குறைந்தால் நீரைத் தானே நிறுத்தும் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தால் இந்தத் துயரமே நேர்ந்திராது.

இவற்றின் பின்னர் 2002 இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் நிறைவேறியது. இன்று ஒன்ராறியோவில் நகரங்களுக்கு நீர் வழங்குவோர் தகுதிச்சான்று பெற்றிருத்தல் வேண்டும். ஆபத்தான ஆய்வு முடிவுகள் சுகாதார வைத்திய அதிகாரிக்கு உடனே அறிவிக்கப்பட வேண்டும். நகரசபை உறுப்பினர்களுக்கும் நீரின் பாதுகாப்பில் தனிப்பட்ட சட்டப்பொறுப்பு உண்டு. ஆயினும் அதே மாகாணத்தின் வடபுலத்தில், நெஸ்கன்ராகா என்னும் பூர்வகுடிச் சமூகம், 1995 இல் விதிக்கப்பட்ட கொதிநீர் அறிவித்தலின் கீழ்க் கால் நூற்றாண்டைக் கடந்தும் வாழ நேர்ந்தது. நாடு செல்வந்த நாடு என்பதால் மட்டும் நல்ல நீர் எல்லோருடைய குழாயிலும் வந்துவிடுவதில்லை. குரல் கேட்கப்படாத மக்களின் கதை எமக்குப் புதியதுமன்று.

நாம் செய்யக்கூடியவை

வோக்கர்ட்டன் அறிவித்தல் உள்ளூர் வானொலிகளிலேயே ஒலிபரப்பப்பட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவ்வூர் மக்களிலேயே பலர் அன்று அதைக் கேட்டிருக்கவில்லை. அப்படியாயின், இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் எம்மவரை அது எவ்வாறு எட்டியிருக்கும்? கதவின் கீழ்ச் செருகப்படும் தாளை விளம்பரமென்று வீசிவிடும் பழக்கம் எம்மிடம் உண்டு. நகரசபையின் பெயர் பொறித்த தாளை, பிள்ளைகளைக் கொண்டேனும் வாசித்தறியாமல் வீசாதீர்கள். வாசித்தவர் அயல்வீட்டு முதியவருக்கும் சொல்லுங்கள்.

அறிவித்தல் வந்தால் நீரைப் பொங்கிக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடமேனும் வைத்திருக்க வேண்டும். குடிப்பதற்கு மட்டுமன்றிப் பல் துலக்கவும், குழந்தைக்குப் பால்மா கரைக்கவும், பச்சையாக உண்ணும் மரக்கறிகளைக் கழுவவும் அந்நீரையே பயன்படுத்த வேண்டும். ஆனால் கொதிக்கவைத்தல் கிருமிகளையே கொல்லும். பழைய வீடுகளின் குழாய்களிலிருந்து கசியும் ஈயத்தையோ, உரத்திலிருந்து வரும் நைத்திரேற்றையோ அது நீக்காது.

ஒன்ராறியோவில் ஒவ்வொரு நகரக் குடிநீர் அமைப்பும் ஆண்டறிக்கை தயாரித்து, கேட்பவருக்கு இலவசமாக வழங்க வேண்டுமென்பது விதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020 ஆம் ஆண்டுக் குடிநீர்க் கட்டளையும், நீரின் தரம் பற்றிய தகவலை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவனையாளருக்குத் தரவேண்டும் என்கிறது. கேட்பதற்குக் குடியுரிமை வேண்டியதில்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாதவரும் அதே குழாயிலிருந்தே நீர் அருந்துகிறார்.

நாம் வாழும் நகரின் அறிக்கையை நான் பெற்று, அதிலுள்ள எண்களை என் தாயாருக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையோடு கேட்டிருந்துவிட்டு, "உதை அளக்கிற ஆள் நேர்மையான ஆளோ?" என்றார். ஏழு உயிர்களை விலைகொடுத்து வோக்கர்ட்டன் கற்ற பாடமும் அந்தக் கேள்விதான். அதை நான் நகரசபைக்கு எழுதியனுப்பும் கடிதத்தில், அறிவித்தல்களைத் தமிழிலும் வெளியிடுங்கள் என்ற வேண்டுகோளோடு சேர்த்திருக்கிறேன். நீங்களும் உங்கள் நகரசபைக்கு எழுதுங்கள்.