கோழிக்குஞ்சுகள் இறப்பதேன்?

மதுரையைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களில், கோழியே ஏழை வீட்டுப் பெண்மணியின் பணப்பை என்று கூறின் அது மிகையாகாது. நெல் விற்ற பணம் கடன்காரர் கைக்குச் செல்லும். கோழி விற்ற காசோ பிள்ளையின் புத்தகத்திற்கும் நோயாளியின் மருந்திற்கும் ஆகும். என் கல்லூரிச் சம்பளத்தின் ஒரு பகுதியும் என் அப்பாயியின் கோழிக்கூட்டினின்று வந்ததே.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு யான் ஊர் சென்றபோது, கார்த்திகையில் பொரித்த பதினொரு குஞ்சுகளுள் இரண்டே எஞ்சியிருந்தன. “கண்ணேறு பட்டுவிட்டதப்பா, நமக்குக் கோழி இராசி இல்லை” என்றார் அப்பாயி. எவ்வெந்நாளில் எவ்வெவ்வாறு இறந்தன என வினவினேன். மூன்று முதல் வாரத்து மழையிரவுகளிலும், இரண்டு இரண்டாம் வாரத்தில் வெண்ணிறமாய்க் கழிந்தும், நான்கு நான்காம் வாரத்தில் இரத்தமாய்க் கழிந்தும் மாண்டன என்றார். அவர் கூறிய நாட்களே காரணத்தையும் கூறிவிட்டன. குஞ்சு இறந்த வயதை அறிவோமாயின், அதனைக் கொன்றது யாது என்பதைப் பெரும்பாலும் அறியலாம்.

முதலாவது பகை குளிர். இருபத்தொரு நாள் அடையிலிருந்து வெளிவரும் குஞ்சின் மேலிருப்பது மென்தூவியே, இறகன்று. இரண்டு மூன்று வாரங்கள் செல்லுமளவும் தன் உடல் வெப்பத்தைத் தானே காக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. தாயின் சிறகே அதன் போர்வை. பஞ்சாரத்தின் அடியில் மழைநீர் ஊறுமாயின், தாயிருந்தும் குஞ்சு விறைத்து இறக்கும்.

இரண்டாவது வெண்கழிச்சல். இது நுண்கிருமியால் விளைவது. தாய்க்கோழியின் முட்டை வழியாகவே குஞ்சினை அடைய வல்லது. ஆதலின் இந்நோய் கண்ட கோழியின் முட்டைகளை அடைக்கு வைத்தல் தகாது.

மூன்றாவது இரத்தக்கழிச்சல். இதன் வித்துக்கள் எச்சத்தோடு வெளிப்பட்டு, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள தரையில் ஓரிரு நாளில் முதிர்ந்து, இரை பொறுக்கும் குஞ்சின் குடலைச் சேர்கின்றன. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளையே இது மிகுதியும் வருத்தும். தரை உலர்ந்திருப்பின் வித்து முதிராது. மருத்துவர் தரும் மருந்தைத் தொடக்கத்திலேயே நீரிற் கலந்து கொடுப்பின் பல குஞ்சுகள் பிழைக்கும்.

நான்காவது, எவ்வயதினும் வந்து கூட்டையே வெறுமையாக்கும் இராணிக்கேட் நோய். 1926-ஆம் ஆண்டில் சாவகத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் காணப்பட்ட இது, பின்னர்க் குமாயூன் மலைநாட்டு இராணிக்கேட்டில் காணப்பட்டமையால் நம் நாட்டில் அப்பெயர் பெற்றது. பச்சையும் வெண்மையுமாகக் கழிதல், வாய் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்துத் திருகல் ஆகியன இதன் குறிகள். வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்பு மருந்து உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டாவது வாரத்தில் ஊசியும் இடுதல் முறை. ஊசிக்குரிய வன்மருந்தை இளங்குஞ்சுக்கு இடலாகாது. இதனைக் கால்நடை மருத்துவமனையாரிடம் கேட்டறிக.

இனி வளர்க்கும் முறை. மேட்டுத் தரையில் இரண்டு மூன்று அங்குல உயரம் உலர்ந்த உமி பரப்பி, நனைந்ததை அன்றே அகற்றுக. தாயில்லாக் குஞ்சுகளுக்கு முதல் வாரம் 95 பாகை பாரன்ஹீட் வெப்பம் வேண்டும். பின் வாரந்தோறும் ஐந்து பாகை குறைக்கலாம். இருபது குஞ்சுகளுக்கு 60 வாட் இழைவிளக்கு ஒன்று போதும், எல்.இ.டி. விளக்கு ஒளி தருமேயன்றிப் போதிய வெப்பம் தாராது. வெப்பமானி இல்லையேல் குஞ்சுகளையே நோக்குக: விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கினால் குளிர், வாய் பிளந்து ஓரத்தில் ஒதுங்கினால் வெம்மை, எங்கும் பரவி இரை பொறுக்கினால் நலம்.

வயிற்றினுள் எஞ்சிய மஞ்சட்கரு இரண்டு மூன்று நாள் உணவாகும். அதற்குள் இரை பொறுக்கக் கல்லாத குஞ்சு பட்டினியால் இறக்கும். ஆதலின் முதல் நாளே நொய்யும் கம்பும் தூவிப் பழக்குக. தானியம் மட்டும் போதாது. நம் முன்னோர் பானையில் சாணமிட்டுக் கரையான் பிடித்து ஊட்டியது புரதம் தரும் நல்வழக்கமே. தண்ணீர்த் தட்டு ஆழமற்றதாய், கூழாங்கற்கள் இட்டதாய் இருத்தல் வேண்டும். இன்றேல் குஞ்சு மூழ்கி இறக்கும்.

நோயுற்ற கோழியை விரைந்து சந்தையில் விற்பதும், செத்ததைக் கண்மாயில் எறிவதும் நம்மூர்களில் உண்டு. அதனால் ஒரு வீட்டின் நட்டம் ஊரின் நட்டமாகின்றது. செத்ததை ஆழப் புதைத்தலும், நோயுற்றதைப் பிரித்து வைத்தலும் அயலார்க்கு நாம் செய்யும் கடமை.

மாசியில் அப்பாயியின் கோழி மீண்டும் பன்னிரண்டு குஞ்சு பொரித்தது. கூடு மேட்டுக்கு மாறிற்று, உமி பரப்பினோம், தடுப்பு மருந்தும் இட்டோம். பத்துக் குஞ்சுகள் பிழைத்தன. அவர் இப்போது கண்ணேற்றைப் பற்றிப் பேசுவதில்லை. “உமி நனைந்திருக்கிறதா பார்” என்கின்றார். விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, உங்கள் வீட்டுக் கூட்டின் தரையையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.