இராமச்சந்திரன் வரைந்த படம்

மயிரும் நகமும், தோலும் தசையும் பெரும்பாலும் புரதங்களால் ஆயவை. அமினோ அமிலங்கள் இருபது வகைப்படும். அவை நாரில் தொடுத்த மலர்போல ஒன்றன்பின் ஒன்றாக இணைந்து புரதச் சங்கிலியாகின்றன. அச்சங்கிலி சுருண்டும் மடிந்தும் தனக்கென ஒரு வடிவம் கொள்கின்றது. வடிவம் கெடின் அதன் தொழிலும் கெடும். ஆதலின் அவ்வடிவத்தைக் கணக்கிட்டு அறியலாகுமோ என்னும் வினா எழுந்தது.

அதற்கு அடிப்படையானதொரு விடை சென்னையில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறைத் தலைவராக 1952 இல் அமர்ந்த ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் கொலாஜனை ஆராய்ந்தார். தோலுக்கும் எலும்புக்கும் உறுதியளிக்கும் அப்புரதம் முப்புரிக் கயிறு போன்றது என இருவரும் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டனர். கேம்பிரிட்சில் ஆய்ந்த அலெக்சாந்தர் ரிச்சும் பிரான்சிசு கிரிக்கும் முப்புரி என்பதை ஒப்பினர். ஆயின், அவ்வமைப்பில் சில அணுக்கள் அளவு கடந்து நெருங்கியுள்ளன என மறுத்தனர். கொலாஜனைப் பொறுத்தவரை அவர்தம் திருத்தமே பெரிதும் நிலைத்தது. எனினும், அம்மறுப்பே புதியதோர் ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று. அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்?

பந்தியில் ஓர் இலைமுன் இருவர் அமர்தல் இயலாது. அணுக்களுக்கும் அஃதே முறை. ஒவ்வோர் அமினோ அமிலத்தின் நடுவிலும் ஒரு கரி அணு உண்டு. அதன் இருபுறத்துப் பிணைப்புகளும் கதவின் கீல்போலத் திரும்பவல்லன. ஒரு அமிலத்தை அடுத்ததனோடு சேர்க்கும் பிணைப்போ தட்டையாக நின்று திரும்ப மறுக்கும். எனவே, இரண்டு கோணங்களை அறிந்தால் சங்கிலியின் போக்கு விளங்கும். இராமச்சந்திரனும் அவர் மாணவர்களான இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் ஒரு கோணத்தைக் கிடையாகவும் மற்றதனை நெடுகவும் குறித்து ஒரு சதுரம் வரைந்தனர். பற்பல கோண இணைகளுக்கும் அணுக்களின் இடைவெளியை மேசைக் கணக்குப்பொறியின் துணையால் கணித்தனர். அணுக்கள் மோதும் இடங்களை விலக்கினர். எத்துணைப் பொறுமை வேண்டிய பணி! சதுரத்தின் பெரும்பகுதி விலக்குண்டது. கடலிடைத் தீவுகள்போலச் சில இடங்களே எஞ்சின. 1951 இல் லைனசு பாலிங் குழுவினர் கூறிய ஆல்பா சுருள் அத்தீவொன்றில் அமைந்திருந்தது. கிளைசின் என்னும் அமிலத்திற்கு மட்டும் இடம் மிகுதி. பக்கக் கிளையாக ஒரு நீரிய அணுவே அதற்கு உண்டு.

இவ்வாராய்ச்சி 1963 இல் வெளிவந்தது. பின்னர், 1974 இல் சௌ, பாசுமன் என்போர் அமில வரிசையைக் கொண்டே சுருள் அமையும் இடங்களை முன்னறியும் முறை வகுத்தனர். 2020 இல் ஆல்பாஃபோல்டு என்னும் கணினி முறை பல புரதங்களின் முழுவடிவையும் வியத்தகு நுட்பத்துடன் கணித்துக் காட்டியது. இன்றும் புதிதாக ஒரு புரத வடிவம் காணப்படின், அதன் கோணங்களை இராமச்சந்திரன் படத்தில் இட்டுப் பார்ப்பர். விலக்குண்ட இடத்தில் ஒரு புள்ளி விழுமாயின், அவ்விடத்தை மீண்டும் ஆராய்வர்.