எதிர்பார்ப்பே கண்ணுக்கு வழிகாட்டி

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலில், மரகதவல்லித் தாயார் சந்நிதி பெருமாளுக்கு இடப்புறம் அமைந்திருக்கிறது. மற்ற வைணவத் தலங்களில் பெரும்பாலும் அது வலப்புறம்தான் இருக்கும். பல தலங்களைச் சேவித்துப் பழகியவரின் பார்வை இந்த மாற்றத்தில் சட்டென்று நிற்கும். அந்தப் பழக்கம் இல்லாதவருக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை. சந்நிதி ஒன்றுதான், மனம் முன்கூட்டியே வைத்திருக்கும் எதிர்பார்ப்புதான் வேறு.

அப்படியானால் அனுபவசாலியின் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று நினைக்கத் தோன்றும். அது சரியல்ல. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களில் புற்றுநோய்க் கட்டிகளைத் தேடிய 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர், அதே படத்தில் செருகப்பட்ட கொரில்லா உருவத்தைக் காணவில்லை. அது சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. தவறவிட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் கண்கள் அதன்மீதே பதிந்திருந்தன. தேடுவதைக் கூர்மையாக்கும் எதிர்பார்ப்பு, தேடாததை மறைத்தும்விடுகிறது.

திடீர் வெளிச்சம் யாரையும் இழுக்காதா என்று கேட்கலாம். இழுக்கும்தான். ஆனால் 1992-இல் ஃபோக், ரெமிங்டன், ஜான்ஸ்டன் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் நடத்திய சோதனைகளில், நிறத்தைத் தேடியவர்களைத் திடீர்த் தோற்றம் பெரிதாகத் திசைதிருப்பவில்லை. இதில் விவாதம் இன்னும் முடியவில்லை. எனினும் தேடலின் பங்கை மறுக்க முடியாது. ஆகவே பட்டுச் சேலையில் இழைப்பிழை பார்ப்பவரானாலும் ஸ்கேன் பார்ப்பவரானாலும், ஒருமுறை பார்த்து முடித்தபின், வேறொரு கேள்வியோடு மறுமுறையும் பாருங்கள்.