புலி முத்திரையும் மரப் பலகையும்

பட்டினப்பாலை படித்தவர்களுக்குத் தெரியும்: காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலையில் குவிந்த மூட்டைகளுக்குச் சோழனின் புலி முத்திரை பொறித்தார்கள். இன்றைய கிடங்கிலும் ஒரு முத்திரை உண்டு. அதைப் பார்த்து வாங்கத் தெரிந்தவரே நல்ல கொள்முதல் அதிகாரி.

ரேக், தராசு, அட்டைப்பெட்டி, லாரி வாடகை என அவர் பேசி முடிப்பவை பல. சரக்கை அடுக்கும் பேலட் என்ற மரத்தட்டை மட்டும் பார்ப்போம். மரத்துக்குள் பூச்சி இருந்தால், சரக்கோடு நாடு தாண்டி அங்குள்ள காட்டையே அழிக்கும். ஆகவே 2002-ல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற உலக விதி வந்தது. வழக்கமான முறையில், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் சூடு தொடர்ந்து 30 நிமிடம் இருக்க வேண்டும். பிறகு கோதுமைக் கதிர்ச் சின்னம், நாட்டுக் குறி, தயாரித்தவர் எண், 'எச்.டி.' என்ற எழுத்து ஆகியவற்றைப் பொறிப்பார்கள். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி இல்லை.

பிவண்டிக் கிடங்குகளுக்குச் சாமான் கொடுக்கும் வியாபாரியாகச் சொல்கிறேன்: முத்திரை இல்லாத பேலட் மலிவுதான். ஆனால் அயல்நாட்டுத் துறைமுகத்தில் கன்டெய்னரையே திருப்பி விடலாம். கப்பல் வாடகை, தாமதம், வாடிக்கையாளர் கோபம் எல்லாம் யார் தலையில் விடியும்? நம்ம பிள்ளைகள் இந்த வேலைக்குப் போனால், விலைப்பட்டியலை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. குடோனுக்குப் போய்ப் பலகையைப் புரட்டிப் பார்க்கணும்.